வகுப்பில் வராத சிங்களம் சந்தையில் வருவது ஏன்?

திருகோணமலையில் தமிழ் உத்தியோகத்தர்களுக்குச் சிங்களமும் சிங்கள உத்தியோகத்தர்களுக்குத் தமிழும் கற்பிப்பது என் தொழில். எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவர்கள், கந்தோரில் சிங்களம் பேசும் ஒருவர் வந்து நின்றதும் உதவிக்குப் பக்கத்து மேசையைப் பார்ப்பதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். மீன் சந்தையிலோ, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட வியாபாரி, கோணேசர் கோயிலுக்கும் நிலாவெளிக்கும் வருகிற தென்பகுதிக் குடும்பங்களிடம் பாரை மீனின் விலையைச் சிங்களத்திலேயே பேசிப் பேரத்தை முடித்துவிடுகிறார். அவருடைய பேச்சில் பிழை நிறைய உண்டு; கூச்சம் மட்டும் இல்லை.

இரண்டாம் மொழி வராததற்கு ஞாபகசக்தியைக் குறைசொல்வதை நான் நிறுத்திப் பல காலமாகிறது. கனடாவில் கார்ட்னர், லாம்பர்ட் என்னும் உளவியலாளர்கள், மொன்றியல் நகரில் பிரெஞ்சு படித்த ஆங்கில மாணவர்களை ஆராய்ந்து 1959இல் வெளியிட்ட முடிவும் ஏறக்குறைய இதுதான்: மொழித்திறமையைப் போலவே, அம்மொழி பேசுவோர்மீது மாணவருக்கு இருக்கும் மனப்பாங்கும் தேர்ச்சியோடு தொடர்புடையது. எங்கள் ஊரில் அந்த மனப்பாங்குக்கு ஒரு வரலாறு உண்டு. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாயிற்று. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. “சோதனைச் சாவடியிலதான் சேர் இந்தப் பாஷையை முதல்ல கேட்டனான். இப்பவும் காதில விழுந்தால் கை அடையாள அட்டையைத்தான் தேடுது” என்றார், நாற்பதைத் தாண்டிய ஒரு மாணவி. 2007 யூலைக்குப் பின் நியமனம் பெற்றவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டுமென்ற சுற்றறிக்கை அவரை வகுப்புக்குக் கொண்டுவந்தது. வாயைத் திறக்க வைத்தது, பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த சிங்களக் குடும்பத்தின் குழந்தை.

வீட்டில் நடக்கும் கேலியையும் சொல்ல வேண்டும். பிள்ளை தட்டுத்தடுமாறி இரண்டு சிங்கள வசனம் பேசினால் சிரிக்கிற பெரியவர்கள், அடுத்த மாதமே ரியூசனுக்குப் பணம் கட்டுகிறார்கள். பிள்ளையைச் சிங்களவர் கடைக்குப் பாண் வாங்க அனுப்பினால் அதைவிடப் பயன் கிடைக்கும்.

மறுபக்கத்திலும் இடறல் உண்டு. பேச்சுச் சிங்களத்தில் ‘மம யனவா’, ‘ஒயா யனவா’ என்று நானும் நீயும் போவதற்கு ஒரே வினைதான்; தமிழிலோ மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. விளையாட்டு மைதானத்தில் தமிழ் பழகிய ஒரு சிங்கள இளைஞர், கந்தோருக்கு வந்த வயதான அம்மாவிடம் “இரு, வாறன்” என்றிருக்கிறார். “ஏன் தம்பி, நான் என்ன உன்ர தங்கச்சியே?” என்று அவர் கேட்டதும் இளைஞருக்கு முகம் சிவந்துவிட்டது. அவமதிக்க நினைத்தவரல்லர், அவர் பழகிய தமிழில் அம்மாமாரே இருக்கவில்லை. அதன்பின் முதல் நாள் பாடத்தில் எழுத்துகளுக்கு முன்பாக ‘இருங்கோ’, ‘வாங்கோ’ இரண்டையும் சொல்லிக்கொடுக்கிறேன்.