அக்ரிமென்ட் போட்டதும் ஆர்டர் போய்விடாது

இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி லைன் நின்றுவிட்டது என்று பதறிக்கொண்டு கூப்பிட்டார்கள். ஸ்டோர்ஸில் அந்தப் பாகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் நிர்வாக மென்பொருளான எஸ்ஏபியில், இருப்பையும் வரவேண்டிய சரக்கையும் காட்டும் எம்.டி.04 திரையைத் திறந்தால், திங்கள்தோறும் 500 வீதம் வரவு வரிசையாக நிற்கிறது. முதல் வரியின் தேதி கடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. "12,000க்கு ஷெட்யூலிங் அக்ரிமென்ட் போட்டு ஒரு மாசம் ஆச்சு சார், சப்ளையர்தான் அனுப்பல" என்றார் பர்ச்சேஸ் பார்ப்பவர். ஷெட்யூலிங் அக்ரிமென்ட் என்றால், ஒரு காலத்துக்குள் மொத்தமாக வாங்கும் பொருளைத் தேதிவாரியாகப் பிரித்து வரவழைக்கும் நீண்டகால ஒப்பந்தம். சப்ளையருக்குப் போன் போட்டோம். "அக்ரிமென்ட் வந்துச்சு சார். எந்தத் தேதிக்கு எவ்வளவுன்னு ஷெட்யூல் எதுவும் வரலியே" என்றார் அவர்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். எம்.இ.38 திரையில் ஷெட்யூல் லைன்கள் (எந்தத் தேதிக்கு எத்தனை என்ற வரிகள்) எல்லாம் சரியாக இருந்தன. அவற்றை சப்ளையருக்கு அனுப்பும் ரிலீஸ் மட்டும் ஒன்றுகூட உருவாகவில்லை.

தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அக்ரிமென்டில் நீங்கள் போடும் டார்கெட் குவான்டிட்டி ஆர்டர் ஆகாது. இந்தக் காலத்துக்குள் மொத்தம் இவ்வளவு வாங்குவோம் என்று எதிர்பார்க்கிறோம், அவ்வளவுதான். எந்தப் பொருள் எப்போது எவ்வளவு தேவை என்று கணக்கிடும் எம்ஆர்பி, அந்த 12,000ஐ வரவாக எடுத்துக்கொள்ளாது. அதைப் பார்த்து சப்ளையரும் மெஷினை ஓட்ட மாட்டார். எந்தத் தேதிக்கு எத்தனை என்று ஷெட்யூல் லைன் விழுந்தால்தான் எம்ஆர்பிக்குக் கணக்கு. அந்த லைன் சப்ளையர் கைக்குப் போனால்தான் அவருக்குக் கணக்கு. இவை இரண்டும் தனித்தனிச் சம்பவங்கள். பயிற்சியில் "தனியாக பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போட வேண்டாம்" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், அது சரிதான். கேட்பவர்கள் அதையே "இனி எதுவுமே அனுப்ப வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். நான் பார்த்த மூன்று உற்பத்தி நிறுத்தத்துக்கும் வேர் இந்த ஒரே தவறான புரிதல்தான்.

இதில் டாகுமென்ட் டைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. எல்.பி என்ற டைப்பில் லைனைப் போட்டு சேமித்தாலே அது சப்ளையருக்குச் செல்லத்தக்கது. அவுட்புட் செட்டிங் சரியாக இருந்தால் போய்விடும். எல்.பி.ஏ டைப்பில் அப்படியில்லை. அங்கே லைன்கள் உங்கள் வீட்டுக் கணக்குதான். ரிலீஸ்களை மொத்தமாக உருவாக்கும் எம்.இ.84ஐ ஓட்டியோ கையாலோ ரிலீஸ் உருவாக்கினால்தான் வெளியே போகும். எம்ஆர்பியோ ரிலீஸ் ஆகாத லைனையும் வரவாகவே எண்ணும். திரை நிம்மதியாகத் தெரிய, ரேக் காலியாகக் கிடப்பது இதனால்தான். அக்ரிமென்ட் உருவாக்கும் எம்.இ.31எல்லில் சேமித்த பிறகு டைப்பை மாற்ற முடியாது என்பதால் தொடங்கும்போதே யோசித்துப் போடுங்கள். அனுப்பிய ஒவ்வொரு ஷெட்யூலுக்கும் பதிவு வேண்டும் என்றால் எல்.பி.ஏதான் நல்லது. ஆனால் அதை எடுத்துக்கொண்டால் ரிலீஸ் அனுப்பும் பொறுப்பும் கூடவே வருகிறது.

எம்.இ.84ஐ பேக்ரவுண்ட் ஜாபாக (தானாக ஓடும் வேலையாக) வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலையை விட்டுப் போனவரின் யூசர் ஐடியில் அந்த ஜாப் ஓடிக்கொண்டிருக்கும். ஐடியை நீக்கிவிட்டால் ஜாபும் நின்றுவிடும். அதைப் பர்ச்சேஸுக்குச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். சிஸ்டத்துக்கென்று தனி ஐடி வையுங்கள், தினமும் காலையில் ஜாப் லாக்கை ஒருவர் பார்க்கட்டும்.

ஷெட்யூல் லைனே தானாக விழவில்லையா? எஸ்ஏபியின் பழைய பதிப்பான ஈசிசி என்றால் முதலில் சோர்ஸ் லிஸ்டை, அதாவது எந்தப் பொருளை யாரிடம் வாங்கலாம் என்ற பட்டியலைப் பாருங்கள். எம்.இ.01இல் எம்ஆர்பி குறியீடு 2 இருந்தால்தான் லைன் தானாக விழும். 1 போட்டிருந்தால் பர்ச்சேஸ் ரெக்விசிஷன், அதாவது வாங்கச் சொல்லும் கோரிக்கைதான் வரும். புதிய பதிப்பான எஸ்/4 ஹானாவில் இதற்கு சோர்ஸ் லிஸ்ட் கட்டாயமில்லை.

அக்ரிமென்டில் எத்தனை நாள் என்று போடும் ஃபர்ம் ஸோன், டிரேட் ஆஃப் ஸோன் கட்டங்களை வெறுமையாக விடாதீர்கள். முதலாவதில் விழுந்த அளவை நீங்கள் எடுத்தே ஆக வேண்டும். இரண்டாவதில் சப்ளையர் மூலப்பொருள் வாங்கிவிடலாம். நீங்கள் பின்வாங்கினால் அந்தச் செலவு உங்கள் தலையில். அதற்கு அப்பால் இருப்பது வெறும் திட்டம். எத்தனை நாள் என்பதை சப்ளையரோடு பேசி முடிவு செய்யுங்கள். பழைய அக்ரிமென்டிலிருந்து காப்பி அடித்த நாள்கணக்கை நம்பி ஒருவர் பணத்தைப் போட்டுப் பொருள் செய்து வைக்கிறார். அடுத்த வாரம் நீங்கள் அளவைக் குறைத்தால் அவர் என்ன செய்வார்? அந்த நாட்கள் எம்ஆர்பியையும் கட்டுப்படுத்த வேண்டுமா என்பதற்குத் தனிக் குறியீடு இருக்கிறது, அதையும் சேர்த்தே பாருங்கள்.

புதுப்பிக்கும் சமயம்தான் அதிகம் சொதப்பும். காலம் முடிந்ததும் புது அக்ரிமென்ட் போடுகிறார்கள், பழையதில் தீராத லைன்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவை வராத சரக்கு. ஆனால் எம்ஆர்பி அவற்றையும் வரவாக எண்ணிக்கொண்டு புதியதில் குறைத்துப் போடும். சரக்கு வரும்போது, வரவைப் பதியும் எம்ஐஜிஓவில் பழைய எண்ணையே யாராவது போட்டுவிட்டால், வரவு பழைய தேதி லைனில் முதலில் கழிந்து, குழப்பம் இரட்டிப்பாகும். பழைய லைன்களை நீக்கிவிட்டு அப்புறம் புதியதைத் திறங்கள். இதுவரை வாங்கிய மொத்த அளவைப் புதியதில் தொடர வேண்டுமா, பூஜ்யத்திலிருந்தா என்பதையும் சப்ளையரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மொத்த அளவை வைத்துத்தான் பாக்கியைக் கணக்குப் போடுகிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புது அக்ரிமென்டில் முதல் ரிலீஸ் போன அன்றைக்கே சப்ளையருக்கு ஒரு போன் போடுங்கள். "வந்ததா?" என்று கேட்காதீர்கள், வந்தது என்றுதான் சொல்வார். ரிலீஸ் எண், முதல் தேதி, மொத்த அளவு, இந்த மூன்றையும் அவர் கையில் இருக்கும் தாளிலிருந்து வாசிக்கச் சொல்லி, உங்கள் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.