தற்கொலை எண்ணத்தில் தவிக்கும் முன்னாள் படைவீரருக்கு அமெரிக்காவில் கிடைக்கும் இலவச அவசர சிகிச்சை

அமெரிக்காவில் 2022-ல் மட்டும் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 17 பேருக்கு மேல். அண்மைக் காலத்தில் வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் நலத்துறையில் சிகிச்சையே பெறாதவர்கள்தான் இப்படி இறப்பவர்களில் பெரும்பாலோர். 'எனக்கு அங்கே பதிவு இல்லை, பில்லை யார் கட்டுவது?' என்று ஒருவர் ஒதுங்கிப் போய்விடக் கூடாது. காம்பாக்ட் சட்டத்தின் ஒரு பிரிவு அதற்காகவே இருக்கிறது. 2020 டிசம்பரில் கையெழுத்தான இந்தச் சட்டத்தின் சிகிச்சைப் பிரிவு, 2023 ஜனவரி 17 முதல் நடைமுறையில் இருக்கிறது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் நெருக்கடியில் இருப்பவர் வி.ஏ. மருத்துவமனைக்கும் போகலாம், பக்கத்தில் இருக்கும் வேறு எந்த மருத்துவமனைக்கும் போகலாம். முன்பதிவு தேவையில்லை. உள்நோயாளியாக 30 நாள் வரையும், வெளிநோயாளியாக 90 நாள் வரையும் ஆகும் செலவை வி.ஏ. ஏற்கிறது. ஆம்புலன்ஸும் இதில் சேர்த்தி. நெருக்கடி தீரவில்லை என்றால் காலத்தை நீட்டிக்கவும் வழி உண்டு.

சரி, யாருக்கெல்லாம் இது? 24 மாதங்களுக்கு மேல் முழுநேரப் பணியில் இருந்தவர்களுக்கு. ரிசர்வ் படையினர் உட்பட, போர்ச் சூழலில் 100 நாட்களுக்கு மேல் பணியாற்றியவர்களுக்கு. இந்த இரு வகையினரும் அவமதிப்பு டிஸ்சார்ஜ் (dishonorable discharge), அதாவது அவமதிப்பான முறையில் படையிலிருந்து விடுவிப்பு, பெற்றிருக்கக் கூடாது. பணியில் பாலியல் வன்முறைக்கோ தொல்லைக்கோ ஆளானவர்களுக்கு இந்த நாள் கணக்கெல்லாம் கிடையாது.

டிஸ்சார்ஜ் விஷயத்தில்தான் பலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். 'மதிப்புக்குரியதல்லாத' (other than honorable) டிஸ்சார்ஜும் 'அவமதிப்பு' டிஸ்சார்ஜும் ஒன்றல்ல. முதல் வகைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கு எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருப்பவருக்கும் இந்தச் சிகிச்சை கிடைக்கலாம். இதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும். தயவுசெய்து சொல்லுங்கள்.

வெளி மருத்துவமனைக்குப் போனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். எமர்ஜென்சி கவுண்டரில் பெயர், பிறந்த தேதி, இன்சூரன்ஸ் அட்டை என்று வரிசையாகக் கேட்பார்கள். படையில் இருந்தவரா என்று கேட்காமலே போகலாம். அதனால் கூடப் போகிறவர் முந்திக்கொண்டு, "இவர் முன்னாள் படைவீரர், வி.ஏ.வுக்குத் தகவல் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை அந்தத் தகவலைக் கொடுத்துவிட்டால் பில் விவகாரம் சுலபமாகும். படை டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடிக்கொண்டு வீட்டில் நேரம் கடத்தாதீர்கள். முதலில் ஆளைக் கொண்டு போங்கள். அப்புறம் வீட்டுக்கு பில் வந்தாலும் பதறிப்போய்க் கட்டிவிட வேண்டாம், வி.ஏ.வைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு ஆகிவிட்டதா என்று புரியவில்லையா? நெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழைத்து, எண் 1-ஐ அழுத்துங்கள். 838255-க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இரவும் பகலும் ஆள் இருப்பார்கள், பேசுவது ரகசியமாகவே இருக்கும். படைவீரரே அழைக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த அறையில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் கலங்கும் மனைவி, அம்மா, நண்பர் யாரும் அழைக்கலாம்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால், அதைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். துப்பாக்கிப் பூட்டை வி.ஏ. இலவசமாகவே தருகிறது, அங்கே இருக்கும் தற்கொலைத் தடுப்பு ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டால் போதும்.