கேளாமல் சொன்ன தீர்ப்பு

"நான் குடிக்கவில்லை என்று ஒரு காகிதத்தில் எழுதித் தருவீர்களா ஐயா?"

பரிசோதனை அறையை விட்டு வெளியே வந்ததும் அந்த அண்ணாச்சி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. காது சரியாகிவிடுமா, எவ்வளவு செலவாகும், மெஷின் வைக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்பதை அவர் கேட்கவில்லை. கூட வந்திருந்த மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

நான் ஆடியாலஜிஸ்ட். காது எவ்வளவு கேட்கிறது என்பதையும், உடம்பு நிலை தடுமாறாமல் இருக்க உட்காது செய்கிற வேலையையும் அளந்து சொல்வது என் தொழில். நெல்லைப் பக்கம் ஒரு திருச்சபையின் அங்கத்தினனும்கூட. இந்தக் கட்டுரையில் வருகிற மனிதர்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். என் அறைக்கு வருகிறவர்களில் பலர் நோயோடு மட்டும் வருவதில்லை, அந்த நோய்க்குச் சபையார் சூட்டிய ஒரு பெயரையும் சுமந்துகொண்டு வருகிறார்கள். குடிகாரன், அகங்காரி, நடிக்கிறவள், சாபம் பிடித்த குடும்பம். நோயை அளக்க என்னிடம் கருவி இருக்கிறது. அந்தப் பெயரைக் கழற்றத்தான் வழி தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அண்ணாச்சி இருபது வருடங்களுக்கு மேல் பாடகர் குழுவில் பேஸ் என்கிற தாழ்ந்த குரல் பாடியவர். ஒரு திருவிருந்து ஞாயிறன்று எழுந்து முன்னே போகும்போது கால் பின்னியது. கிராதியை இறுகப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு வெளியே போய் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தார். அடுத்த இரண்டு மாதங்களில் இன்னும் இரண்டு முறை இப்படியே நடந்தது. போதாக்குறைக்குப் பாட்டில் சுருதி விலகத் தொடங்கியது. வாலிபத்தில் அவர் குடித்ததும், பதினோரு வருடங்களுக்கு முன்பு அதை விட்டதும் ஊரறிந்த செய்தி. ஆகவே அவரிடம் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. தடுமாறுகிறார், வாந்தி எடுக்கிறார், சுருதி தப்புகிறது, பழைய குடிகாரர். இதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? கொஞ்ச நாள் குழுவில் நிற்க வேண்டாம் என்று சபையை நிர்வகிக்கிற சேகர கமிட்டியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். எட்டு மாதங்கள் அவர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு இருந்தது மெனியர் நோய். உட்காதில் இருக்கிற திரவம் மிகுந்துபோவதோடு சேர்ந்து வருகிற நோய் இது. காது அடைத்தது போலிருக்கும், உள்ளே இரைச்சல் கேட்கும், திடீரென்று உலகமே சுழலும். இருபது நிமிடம் நீடிக்கலாம், பல மணி நேரமும் நீடிக்கலாம். வாந்தி வரும், நடந்தால் தள்ளாடும். அது அடங்கிய பிறகு ஆள் வழக்கம்போல் இருப்பார். பார்க்கிறவர்களுக்குப் 'போதை தெளிந்துவிட்டது' என்றுதான் தோன்றும். இந்த நோயில் தொடக்கத்தில் குறைவது பெரும்பாலும் தாழ்ந்த சுரங்களைக் கேட்கும் திறன். பேஸ் பாடுகிறவருக்கு உயிரே அந்தச் சுரங்களில்தான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: ஒரே சுரம் இரண்டு காதுகளில் இரண்டு சுருதியாக ஒலிக்கும். அவருடைய வலது காதில் ஒரு ஒலியை வைத்து, அதே ஒலியை இடது காதிலும் வைத்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இரண்டும் ஒரே சுரம் இல்லையே ஐயா" என்றார். எட்டு மாதங்களாக அவருடைய பாட்டைக் கெடுத்தது என்ன என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

குடிக்கவில்லை என்று சான்று தர என் கருவியால் முடியாது. அளந்ததை எழுதினேன், காது மூக்கு தொண்டை மருத்துவர் நோயின் பெயரையும் அதன் அறிகுறிகளையும் எழுதிக் கையெழுத்திட்டார். அன்று மாலையே குருவானவர் அவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாராம். கமிட்டியில் இருந்த மற்றவர்கள் யாரும் போகவில்லை.

சீலோவில் நடந்ததைச் சபையில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். பிள்ளை வேண்டி அழுது ஜெபித்த அன்னாள் இருதயத்திலே பேசினாள், உதடுகள் மாத்திரம் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஆகையால் அவள் வெறித்திருக்கிறாள் என்று ஆசாரியனாகிய ஏலி நினைத்தான். முதலாம் சாமுவேலின் முதல் அதிகாரம். எத்தனையோ அன்னையர் தினப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் பெரும்பாலும் அன்னாளின் பக்கம் நின்றுதான் கேட்டிருக்கிறோம். ஒருமுறை ஏலியின் ஆசனத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவன் முட்டாள்தனமாக ஒன்றும் யோசித்துவிடவில்லை. பண்டிகைப் பந்தியில் எல்லோரும் புசித்துக் குடித்து எழுந்த நேரம் அது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. கண்ணால் கண்டதையும் சூழ்நிலையையும் கூட்டிப் பார்த்து ஒரு விடைக்கு வந்தான். அண்ணாச்சியின் சேகர கமிட்டி போட்டதும் இதே கணக்குதான். தவறான தீர்ப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. தீர்ப்புச் சொல்கிறவருக்கு அது நூற்றுக்கு நூறு நியாயமாகத் தெரியும்.

அன்னாள் பதில் சொல்லும்போது, "உம்முடைய அடியாளைப் பேலியாளின் மகளாக எண்ணாதேயும்" என்கிறாள், கேடுகெட்டவளாக எண்ணாதேயும் என்று பொருள். அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால், ஏலியின் குமாரர் பேலியாளின் மக்களாயிருந்தார்கள் என்று அதே சொல் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. சொந்த வீட்டில் நடப்பதை அடக்க முடியாதவன், அழுகிற ஒரு பெண்ணிடம் கடுமை காட்டினான். துரும்பையும் உத்திரத்தையும் பற்றி இயேசு சொன்னதற்கு இதைவிட நெருங்கிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஏலியிடம் நான் மதிக்கிற ஒன்று இருக்கிறது. அவள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டான். கேட்டதும் தன் தீர்ப்பை அந்த இடத்திலேயே விட்டான். சமாதானத்துடனே போ என்றான். நம்முடைய கமிட்டிகளுக்கு இது எட்டு மாதங்கள் பிடிக்கிறது.

தமிழில் செவிகொடுப்பதற்கும் வினவுவதற்கும் 'கேள்' என்ற ஒரே சொல்தான். காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும் என்று நீதிமொழிகளில் வாசிக்கும்போது, அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் எனக்குச் சேர்ந்தே ஒலிக்கும்.

இன்னொரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாவது பிள்ளைக்குத் தாயான இளம்பெண். மாமியாரும் கூட வந்திருந்தார். மருமகள் நடிக்கிறாள் என்பதை என் வாயால் சொல்லக் கேட்க வேண்டும் என்றே வந்திருந்தார். "பஸ்ஸில் போகும்போது நான் பேசுவதெல்லாம் இவளுக்குக் கேட்கிறது. வீட்டில் கூப்பிட்டால் மட்டும் கேட்காது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபம் பண்ணச் சொன்னால் வாய்க்குள்ளேயே முனகுகிறாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்" என்றார். விசுவாசக் குறைவு என்று ஜெபக்கூட்டத்திலேயே ஒருவர் சொல்லிவிட்டாராம்.

பஸ்ஸில் கேட்கிறது, வீட்டில் கேட்கவில்லை என்று சொன்னவுடன் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. நடுச்செவியில் அங்கவடி எலும்பு என்று ஒன்று உண்டு, உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. சிலருக்கு அது இருக்கிற இடத்தில் இறுகி, அசையாமல் போய்விடும். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிற நோய் இது, இளவயதிலேயே தொடங்கும். ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்று பெயர். பஸ்ஸின் உறுமல் அவர்களுடைய காதுக்குள் அவ்வளவாக ஏறாது. மற்றவர்களோ அந்த இரைச்சலை மீறக் குரலை உயர்த்திப் பேசுவார்கள். அதனால் அமைதியான வீட்டைவிட இரைச்சலான பஸ்ஸில் அவர்களுக்கு நன்றாகக் கேட்கும். 'நடிப்பு' என்று சொல்லப்பட்டதுதான் இந்த நோயின் அடையாளம்.

முனகுவதற்கும் காரணம் அதுவே. இதை எப்படி விளக்குவது என்று யோசித்துவிட்டு மாமியாரிடம், "அம்மா, இரண்டு காதுகளிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு சங்கீதத்தைச் சொல்லுங்கள்" என்றேன். அவர் சந்தேகத்தோடு மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காதுகளை அடைத்துக்கொண்டார். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று கணீரென்று தொடங்கினார். சொந்தக் குரல் மண்டைக்குள் முழங்கியதும் திடுக்கிட்டது முகத்தில் தெரிந்தது. "நான் தாழ்ச்சியடையேன்" என்பதற்குள் குரல் பாதியாகிவிட்டது. "புல்லுள்ள இடங்களில்" வரும்போது எனக்கு உதட்டசைவுதான் தெரிந்தது. விரலை எடுத்தார். "நீங்கள் இப்போது எவ்வளவு மெதுவாகச் சொன்னீர்கள் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மருமகள் மடியில் இருந்த குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணுக்குப் பின்னர் அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்கிறவர்களுக்குச் செவிக்கருவியும் இதில் நன்றாகவே உதவும்.

வயதானவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதுமையில் முதலில் குறைவது உயர்ந்த சுரங்களைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகளின் ஓசை கேட்கும். ச, த, க போன்றவற்றின் கூர்மை கேட்காது. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. 'வேண்டியது மட்டும் காதில் விழும்' என்று வீட்டில் சொல்கிற பழி இங்கிருந்து வருகிறது. 'தோத்திரம் சொன்னாலும் பதில் சொல்வதில்லை, பெரிய மனிதர் என்ற நினைப்பு' என்று சபையில் சொல்கிற பழியும்தான். உயரமான கூரையுள்ள ஆலயத்தில் எதிரொலி சேரும்போது ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்தால் இன்னும் குழப்பமாகும். அருகில் போய், முகம் தெரியும்படி நின்று, நிதானமாகப் பேசினால் போதும்.

குழந்தைகளின் காரியம் இதைவிடக் கொடியது. காது கேளாத குழந்தையின் பெற்றோரிடம் "எந்தப் பாவத்துக்காக?" என்று இன்றும் கேட்கிறார்கள். பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்து, இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டதற்கு, இரண்டும் இல்லை என்று யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இயேசு முடித்துவைத்த கேள்வி அது. கர்ப்பத்தில் தாய்க்கு வருகிற ருபெல்லா, பிறந்தவுடன் வருகிற கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், நெருங்கிய உறவுக்குள் செய்கிற திருமணத்தால் கூடிவருகிற மரபுக் குறைபாடு என்று காரணங்கள் பல உண்டு. சிலர் மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, 'ஊமையும் செவிடுமான ஆவி' என்று குழந்தையின் தலையில் கைவைத்து அதட்டுகிறார்கள். இரண்டு அதிகாரங்களுக்கு முன்னால் அதே மாற்கு, காது கேளாத ஒரு மனிதனைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே ஆவியைப் பற்றி ஒரு சொல் இல்லை, பாவத்தைப் பற்றியும் இல்லை. இயேசு அவனை ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப்போகிறார், காதுகளையும் நாவையும் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார், அதன் பிறகுதான் 'எப்பத்தா', அதாவது 'திறக்கப்படுவாயாக' என்கிறார். சத்தமில்லாத இடம், தொடுகை, கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் சைகை. காது கேளாதவரோடு எப்படிப் பழக வேண்டும் என்று எனக்குக் கல்லூரியில் கற்றுக்கொடுத்தது இதைத்தான். நம் பாளையங்கோட்டையிலேயே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளாரன்ஸ் சுவைன்சன் என்ற மிஷனெரி அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அந்தப் பிள்ளைகளை அவர் அதட்டவில்லை. உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

அதட்டி ஜெபிப்பதிலும் ஊர் ஊராக அலைவதிலும் குடும்பங்கள் இழப்பது காலத்தை. குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது எங்கள் துறையின் கணக்கு. பேச்சு உருவாகிற வருடங்கள் போனால் போனவைதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பரிசோதனை இலவசம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் என்கிற, உட்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. ஜெபியுங்கள், பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும்போதும் ஜெபிக்கலாம்.

அப்படி அலைந்து, இரண்டரை வயதில் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார் ஓர் உப்பளத் தொழிலாளி. ஜெபக்குழுவில் 'வீட்டில் மறைத்து வைத்திருக்கிற பாவம் என்ன' என்று கேட்டதைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அப்படிக் கேட்டவர்கள்மேல் நான் கோபப்பட்டேன். குழந்தைக்குக் கருவி பொருத்திப் பயிற்சி தொடங்குவதற்கு நாள் குறித்து அட்டை கொடுத்தேன். வரவில்லை. கைப்பேசி எண் எதுவும் அவர் தந்திருக்கவில்லை. தெரிந்தவர் மூலம் சொல்லியனுப்பி மறுபடியும் அட்டை கொடுத்தேன். அதற்கும் வரவில்லை. கோப்பில் 'அக்கறையற்ற தகப்பன்' என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். வேதாகமத்துக்குள் பாலிதீன் உறையில் சுற்றி வைத்திருந்த இரண்டு அட்டைகளையும் எடுத்து மேஜையில் வைத்தார். தமிழ் நன்றாக வாசிப்பவர். வேதாகமத்தை இரண்டு முறை வாசித்து முடித்தவர். அட்டையில் இருந்தது ஆங்கிலம், அதுவும் என் கையெழுத்து. கடைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். நான் எழுதிய 3 அவருக்கு 8 ஆகத் தெரிந்திருக்கிறது. இரண்டு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, நான் இல்லாத நாளில் வாசலில் நின்று காவலாளி சொன்னபின் திரும்பிப் போயிருக்கிறார்.

"நாள் தவறி வந்துவிட்டேன் ஐயா, தப்பு என் பேரில்தான்" என்றார்.

இப்போது அட்டைகளைத் தமிழில் எழுதுகிறேன். நாளையும் கிழமையையும் வாய்விட்டு வாசித்துக் காட்டி, வந்தவரைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். அன்று அவர் எதிரிலேயே அந்தக் கோப்பைத் திறந்து, நான் எழுதிய இரண்டு சொற்களின்மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மருத்துவக் கோப்பில் ஒற்றைக் கோடுதான் இழுக்க வேண்டும், கீழே எழுதியிருந்தது வாசிக்கத் தெரிய வேண்டும். இன்றைக்கும் தெரிகிறது.