திரை உறைந்தால், நின்றது எது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவர்கள் பலர் கையில் இருப்பது, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மடிக்கணினி. அதில் உபுண்டு, லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டிருப்பார்கள். நாலு நாள் நன்றாக ஓடும். அடுத்த நாள் இணைய வகுப்பின் நடுவே திரை அப்படியே நின்றுவிடும். கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடும். ‘ஃபார்மேட் போடலாம்’, ‘போர்டு போச்சு’ என்று ஊகத்திலேயே ரிங்கிட் கரைவது இதனால்தான். உறைந்த அந்த இரண்டு நிமிடத்தைச் சரியாகப் பயன்படுத்தினால் பாதி விடை வீட்டிலேயே கிடைத்துவிடும்.

முதலில், பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள். கணினியில் நடப்பதையெல்லாம் வரிவரியாகப் பதிவுசெய்யும் ஜர்னல்டி என்ற மென்பொருள், மிகக் கடுமையான பிழைகளை மட்டுமே உடனுக்குடன் வட்டில் உறுதிசெய்கிறது. மற்றவற்றுக்கு இயல்பான இடைவெளி 5 நிமிடம். மின்சாரத்தை வெட்டினால், நமக்கு வேண்டிய கடைசி வரிகளே தொலைந்துபோகக்கூடும்.

கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறினால் கணினி உயிரோடு இருக்கிறது. மாறாவிட்டால் செத்துவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம்: அந்த விளக்கை இயக்குவது பெரும்பாலும் திரைச்சூழல் மென்பொருள்தான், அது மட்டும் மாட்டிக்கொண்டிருக்கலாம். விளக்கு தானாகவே விட்டுவிட்டு மின்னினால் கெர்னலே (இயங்குதளத்தின் மையக் கரு) விழுந்துவிட்டது. அடுத்து கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்பு உள்நுழைவுத் திரை வருகிறதா? அதுவும் வராவிட்டால், அதே வைஃபையிலுள்ள கைப்பேசியிலிருந்து எஸ்எஸ்எச் (வேறொரு கருவியிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) மூலம் உள்ளே போய்ப் பாருங்கள். இதற்கு ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரை முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும்.

எதற்கும் அசையவில்லை என்றால் ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு எஸ் (S), யு (U), பி (B) எழுத்துகளைச் சில விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக அழுத்துங்கள் (சில மாடல்களில் எஃப்என் விசையும் வேண்டும்). எஸ் வட்டில் எழுதி முடிக்கும், யு கோப்பமைப்பைப் பூட்டும், பி மறுதொடக்கம் செய்யும். பிறகு டெர்மினலில் ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’ (journalctl -k -b -1) கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டினால் முந்தைய ஓட்டத்தின் கெர்னல் பதிவு வரும். அதன் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்.

அங்கே என்ன தேடுவது? சிபியு (மையச் செயலி), வரையும் கட்டளைகளை நினைவகத்திலுள்ள வளைய வரிசை ஒன்றில் போட்டுக்கொண்டே இருக்கும். ஜிபியு (படம் வரையும் சில்லு) அவற்றை எடுத்துச் செய்து, முடித்த வேலையின் எண்ணைக் குறித்து வைக்கும். குறித்த நேரத்துக்குள் அந்த எண் முன்னேறாவிட்டால், டிரைவர் (ஜிபியுவை இயக்கும் மென்பொருள்) அது தொங்கிவிட்டதாகக் கருதி அதை மீட்டமைக்க முயலும். இன்டெலில் ‘ஜிபியு ஹேங்’, ஏஎம்டியில் ‘ரிங் டைம்அவுட்’ என்று பதிவாவது இதுதான்; என்விடியாவில் ‘எக்ஸ்ஐடி’ (Xid) என்ற பொதுப் பிழைவரியில் இதுவும் வரும். சில விநாடி உறைந்து தானே மீள்வதும் பெரும்பாலும் இதுவே. இந்த வரி கிடைத்தால், கணினி தொடங்கும்போது எதை ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்க உதவும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து ஓட்டிப் பாருங்கள். அதில் உறைவது நின்றுவிட்டால் குறை வன்பொருளில் இருக்க வாய்ப்பு குறைவு.

படம் மட்டும் நிற்கிறது, பாட்டு ஓடுகிறது, பதிவிலும் ஒன்றுமில்லை என்றால் என் முதல் சந்தேகம் பிஎஸ்ஆர் மேல். படம் மாறாதபோது திரைப் பலகை தன் சொந்த நினைவகத்திலிருந்தே படத்தைக் காட்ட, ஜிபியு இணைப்பை ஓய்வில் விடும் மின்சேமிப்பு ஏற்பாடு அது. எழுப்பும்போது தவறினால் பழைய படமே நிற்கும். கிரப்பில் ‘இ’ (E) விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் இன்டெலுக்கு ‘ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0’ (i915.enable_psr=0), ஏஎம்டிக்கு ‘ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க்=0எக்ஸ்10’ (amdgpu.dcdebugmask=0x10) என்று ஆங்கில எழுத்தில் சேர்த்து எஃப்10 தட்டுங்கள். அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே இது செல்லும், கெடுதல் ஒன்றுமில்லை.

முழுக் கணினியும் நின்று, பதிவும் பாதியில் அறுந்திருந்தால் ரேமை மெம்டெஸ்ட் என்ற நினைவகச் சோதனை மென்பொருள் போட்டு இரவு முழுக்கச் சோதியுங்கள். ஒருங்கிணைந்த ஜிபியுவும் அதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. 2013-இல் வந்த பே டிரெயில் சில்லு என்றால் கிரப்பின் அதே வரியில் ‘இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1’ (intel_idle.max_cstate=1) முயலத்தக்கது; ஆழ்ந்த ஓய்வுநிலையில் உறைவது அதன் பேர்போன கோளாறு. தகரக் கூரை வீட்டின் மத்தியான வெக்கையைக் குறைசொல்வதற்கு முன் ஒன்று கவனியுங்கள்: சூடேறினால் கணினி வழக்கமாக முதலில் மெதுவாகும், எல்லை மீறினால் அணைந்துவிடும். விடியற்காலையில் சும்மா இருக்கும்போதே உறைகிறது என்றால் விசிறியைக் கழற்றுவது வீண்வேலை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சராசரியாக 3 நாளுக்கு ஒருமுறை உறையும் கணினி, எதையும் மாற்றாமலே 3 நாள் தப்பிக்க ஏறக்குறைய 37 விழுக்காடு வாய்ப்புண்டு. 9 நாள் தப்பிக்க 5 விழுக்காடுதான். ஆகவே, சராசரி இடைவெளியைப்போல் மூன்று மடங்கு காலம் உறையாமல் ஓடியபின் அந்த மாற்றத்தைக் கிரப் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதி, ‘அப்டேட்-கிரப்’ கொடுங்கள்.