சொல் விளக்கம்: நுண்பொறி

காரைக்குடியில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் தமிழில் கட்டுரை எழுதும்போது 'மைக்ரோரோபோ'வை 'நுண் இயந்திர மனிதன்' ஆக்கிவிடுகிறார்கள். மருந்தைச் சுமந்து உடம்புக்குள் நீந்தும் அந்தப் பொருளில் மனிதச் சாயலே கிடையாது. மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு மைக்ரோமீட்டர். அந்தக் கணக்கில்தான் அதை அளக்க வேண்டும். இரத்தச் சிவப்பணுவே 7, 8 மைக்ரோமீட்டர்தான்.

'மைக்ரோ' கிரேக்கச் சொல். சிறியது என்று பொருள். 'ரோபோ'வுக்குத்தான் கதை உண்டு. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு, நம் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' மாதிரி. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில் 'ரோபோ' வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவர் அண்ணன் யோசெப். அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பில் செய்தவை அல்ல, வேதிப்பொருளில் வார்த்த சதையுடம்புகள்! இரும்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று பாக்டீரியாவின் மரபணுவைத் திருத்தி, புற்றுக்கட்டிக்குள் மருந்து சுரக்க வைக்க முயல்கிறார்கள். சொல் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டது. 'சிந்தெடிக் பயாலஜி' எனப்படும் இத்துறையைச் 'செயற்கை உயிரியல்' என்பதைவிடத் 'தொகுப்பு உயிரியல்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வேதியியலில் 'சிந்தெசிஸ்' என்பதற்குத் 'தொகுப்பு' முன்பே புழங்குகிற சொல்.

'தானியங்கி' என்று சொன்னால் என்ன? அங்கேதான் சிக்கல். அத்தனை சிறிய உடலுக்குத் தண்ணீரே அதிரசப் பாகு போலக் கெட்டி. துடுப்பை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். இயற்பியலாளர் பர்செல் 1977இல் இதை விளக்கினார். ஈ.கோலை பாக்டீரியா வால் போன்ற திருகு வடிவக் கசையிழையைச் சுழற்றி முன்னேறுகிறது. அதைப் பார்த்துத்தான் நுண்திருகுகள் செய்து, நிக்கல் பூசி, வெளியிலிருந்து காந்தப்புலத்தால் சுழற்றுகிறார்கள். (அழகப்பச் செட்டியார் நிலம் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இருக்கும் காரைக்குடியில் நிக்கல் முலாம் பற்றி விளக்கத் தேவையில்லை.) ஓட்டும் விசை வெளியே இருக்கும்போது, தானே இயங்குவது என்று எப்படிச் சொல்வது?

'பொறி' பொருந்துகிறது. மதுரை மதில்மேல் இருந்த 'வளைவிற் பொறி'யைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. எலிப்பொறி இன்றும் வீட்டில் உண்டு. ஐம்பொறி என்னும்போது அதே சொல் கண்ணையும் காதையும் குறிக்கிறது. கருவிக்கும் உடலுறுப்புக்கும் ஏற்கெனவே பொதுவான சொல் இது. ஆகவே மைக்ரோரோபோ நுண்பொறி. உயிரியைப் பார்த்துச் செய்தது 'உயிரொப்பு நுண்பொறி'. உயிரணுவையே ஊர்தியாக்கினால் 'உயிர் நுண்பொறி'.

அமெரிக்காவின் சான் டியேகோவில் 2022இல் பாசி உயிரணுக்களின்மேல் ஆன்டிபயாட்டிக் நிறைத்த துகள்களை ஒட்டி, நிமோனியா கண்ட சுண்டெலிகளின் நுரையீரலில் விட்டது இந்தக் கடைசி வகை.