ஓரங்குல வில்லை, ஈரங்குல உயரம்

டல்லாஸ் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வாங்கினார். அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டு, "வண்டி முன்னால கவுந்தாப்ல நிக்குதே, ஸ்பிரிங் ஏதும் போயிருக்குமோ?" என்றார். ஒன்றும் போகவில்லை. அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை அப்படித்தான் நிற்கும்: பின்புறம் ஓரிரண்டு அங்குலம் தூக்கலாக, குனிந்து தண்ணீர் குடிக்கும் மாடு மாதிரி. இந்தச் சாய்வுக்கு அங்கே ரேக் என்று பெயர்.

அது குறையில்லை, முன்னேற்பாடு. பிக்கப் என்பது பாரம் ஏற்ற வந்த வண்டி. பின் தொட்டியில் அரை டன் செங்கல்லோ உரமூட்டையோ ஏறினால் பின் ஸ்பிரிங்குகள் அமுங்கி வண்டி மட்டத்துக்கு வர வேண்டும். காலியாக இருக்கும்போதே மட்டமாக நின்றால், பாரம் ஏறியதும் வண்டி அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிடும்.

டிரெய்லர் மாட்டினால் விஷயம் இன்னும் தீவிரம். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் அதில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் கொக்கியில் இறங்குவது வழக்கம். 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொக்கி இருப்பது பின் அச்சுக்குப் பின்னால் சுமார் நான்கடி தள்ளி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 12 அடி. பூங்காவில் இருக்கும் சீசா பலகைதான் இது. பின் அச்சு நடுத்தாங்கி. கொக்கியில் 400 கிலோ அழுத்தினால் முன் சக்கரங்களில் இருந்து ஏறக்குறைய 130 கிலோ கழிந்துவிடும், பின் அச்சில் 530 கிலோ ஏறும். ஸ்டீயரிங் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கும் முன் சக்கரங்களின் வேலை. அவற்றின் பிடி குறைகிற நேரத்தில் மூக்கும் மேலே போகிறது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். "நான் என்ன செங்கலா ஏத்தப் போறேன்? காஸ்ட்கோவுக்குப் போய் அரிசி மூட்டை வாங்கிட்டு வரப்போறேன்" என்றார். நியாயம்தான். தெருவில் பாதிப் பேர் முன்பக்கத்தை உயர்த்தி, கொஞ்சம் பெரிய டயர் போட்டு வைத்திருக்கிறார்கள், அவருக்கும் ஆசை. அதற்குத்தான் லெவலிங் கிட்.

பெட்டியைப் பிரித்தால் சப்பென்று இருக்கும். கருப்பு அடித்த இரண்டு அலுமினிய வில்லைகள், கொஞ்சம் நட்டு, போல்ட், ஒரு காகிதம். அவ்வளவே. வில்லையின் தடிமன் ஓரங்குலத்தை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் பெட்டியின் மேலே இரண்டு அங்குலம் உயரும் என்று போட்டிருந்தது. ஏமாற்றிவிட்டார்களோ என்று நண்பருக்குச் சந்தேகம்.

ஏமாற்றில்லை. வீட்டுக் கதவைப் பாருங்கள். கீலுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் கையை வைத்து ஓரங்குலம் தள்ளினால், கைப்பிடி ஓரம் இரண்டங்குலம் நகரும். முன் சக்கரத்தின் லோயர் ஆர்ம் அப்படி ஒரு படுத்த கதவு. ஒரு முனை வண்டியின் அடிச்சட்டத்தில் கீல்போல மாட்டியிருக்கிறது, மறுமுனையில் சக்கரம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட் ஏறக்குறைய நடுவில் வந்து உட்காருகிறது. ஸ்ட்ரட்டின் தலைக்கும் சட்டத்துக்கும் இடையே ஓரங்குல வில்லையைச் செருகினால், நடுவில் ஓரங்குலம் கீழே தள்ளியதாகிறது. முனையில் சக்கரம் இரண்டங்குலம் இறங்கும். சக்கரம் தரைக்குள் போக முடியாதே, அதனால் வண்டி மேலே ஏறுகிறது.

நெம்புகோல் எதையும் இலவசமாகத் தராது. தூரம் இரட்டிக்கும் இடத்தில் விசையும் இரட்டிக்கும். ஒரு முன் சக்கரம் 600 கிலோ தாங்குகிறது என்றால், நடுவில் நிற்கும் ஸ்பிரிங் 1,200 கிலோவுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுருள் கம்பி ஏன் அத்தனை தடி என்பதற்கு இதுதான் விடை. எல்லா வண்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ரேம் 2500 போன்ற கனவண்டிகளில் முன் அச்சு ஒரே உருட்டாக இருக்கும், ஸ்பிரிங் நேராக அச்சின் மேல் நிற்கும். அங்கே இரண்டங்குலம் வேண்டுமென்றால் வில்லையும் ஏறக்குறைய இரண்டங்குலம். ஷெவர்லே சில்வராடோ 2500 வகையில் சுருளே கிடையாது. நீளமான எஃகுத் தண்டு முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை பார்க்கும், அதன் நுனியில் இருக்கும் சாவி என்ற பிடியை மாற்றி இன்னும் கொஞ்சம் முறுக்கினால் வண்டி உயரும்.

இனி, கிட் போட்டவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாசகம்: "முன்னாடி ஸ்பிரிங் இப்ப ஸ்டிராங்காயிடுச்சு." ஆகவே இல்லை. ராபர்ட் ஹூக் 1676இல் ஒரு விதியைப் பதினான்கு எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். வேறு யாரும் உரிமை கோரிவிடக் கூடாதே என்ற கவலை. இரண்டு வருடம் கழித்து அவரே விடையையும் சொன்னார்: எவ்வளவு நீட்சியோ அவ்வளவு விசை. அமுக்கத்துக்கும் அதே கணக்கு. வண்டியின் எடை மாறவில்லை, கம்பியும் மாறவில்லை, எனவே ஸ்பிரிங் அமுங்கும் அளவும் மாறாது. ஸ்ட்ரட்டுக்கு மேலே வில்லை வந்தது அந்த ஸ்பிரிங்குக்குத் தெரியவே தெரியாது.

தெரிகிற வகை ஒன்று இருக்கிறது. அதில் வில்லை ஸ்ட்ரட்டின் உள்ளே, ஸ்பிரிங்குக்கும் மேல் தொப்பிக்கும் நடுவில் போகும். அதுவும் கம்பியை விறைப்பாக்காது. ஆனால் ஸ்ட்ரட்டின் முழு நீளம் பழையபடியே இருக்க, வண்டி அதன் மேல்முனைக்கு நெருக்கமாகப் போய் நின்றுவிடுகிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கான இடம் குறைகிறது. சின்னப் பள்ளத்துக்கே ஸ்ட்ரட் எல்லை வரை நீண்டு "டொக்" என்று ஓசை கொடுக்கும். அதைத்தான் பலர் ஸ்பிரிங் விறைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஸ்ட்ரட்டுக்கு மேலே வைக்கும் வில்லையின் சங்கடம் நேரெதிர்: சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்க முடியும், அப்போது ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டும் நான்கு சக்கர இயக்க வண்டியின் முன் அச்சுத் தண்டும் பழகாத கோணத்துக்கு வளைகின்றன. இரண்டங்குலம்வரை பெரும்பாலும் சமாளிக்கும். மூன்று, நான்கு என்று ஆசைப்படுபவர்கள் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் அப்பர் ஆர்மையும் மாற்றத் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை நண்பர் வீட்டு வாசலில் வேலையைத் தொடங்கினோம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர், எழுபது வயதுக்காரர். காபிக் கோப்பையோடு வந்து நின்றவர் முதலில் ஜாக்கியைப் பார்த்தார், அப்புறம் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்திருக்கிறோமா என்று குனிந்து பார்த்தார். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்ட். பிறகு எஞ்சின் அறையில் ஸ்ட்ரட்டின் தலையைக் காட்டினார். சுற்றிலும் மூன்று சின்ன நட்டுகள், நடுவில் ஒரு பெரிய நட்டு. "இந்த மூணையும் கழற்றுங்க. நடுவில் இருப்பதைத் தொடவே தொடாதீங்க" என்று ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னார்.

அந்த நடு நட்டுதான் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருக்கிறது. சக்கரம் காற்றில் தொங்கினாலும் ஸ்பிரிங் முழுக்க விரிந்துவிடுவதில்லை. ஒரு மில்லிமீட்டர் அமுக்க 100 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங், உள்ளே 100 மில்லிமீட்டர் அமுங்கி இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், அது தள்ளும் விசை ஒரு டன் எடைக்குச் சமம். சேர்ந்திருக்கும் ஆற்றல் 500 ஜூல். ஐம்பது கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்கு ஈடு. எஞ்சின் மேல் குனிந்திருப்பவர் முகத்துக்கு நேரே அது அவிழும். உள்ளே வில்லை வைக்கும் வகைக்கு ஸ்பிரிங் கம்பிரசர் வேண்டும் என்பதும், வீட்டில் செய்பவர்கள் மேல் வில்லையோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

எங்களைப் படுத்தி எடுத்தது, ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடின் முனை. நட்டைக் கழற்றிய பிறகும் அசையவில்லை. அதன் தண்டு கூம்பு வடிவம். கூம்புத் துளைக்குள் இறுகி உட்கார்ந்துவிட்டால் உராய்வே பூட்டாகிவிடும். நண்பர் தண்டின் மேல் அடிக்கப் போனார், மரை நசுங்கிவிடும். பெரியவர் சுத்தியலை வாங்கி, துளை இருக்கும் இரும்புக் காதின் பக்கவாட்டில் ஓங்கி இரண்டு அடி போட்டார். காது ஒரு கணம் நீள்வட்டமாகத் திரிந்தது போலும், கூம்பின் பிடி விட்டுத் தண்டு தானாகக் கீழே விழுந்தது. மற்றபடி ஸ்ட்ரட்டை வெளியே எடுப்பது, வில்லையை மாட்டுவது, திரும்ப ஏற்றுவது எல்லாம் பொறுமை சார்ந்த வேலை. பிரேக் குழாயும் சக்கர சென்சார் வயரும் இழுபடாமல் லோயர் ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக்கியை முட்டுக் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்மின் கீல் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், அவற்றைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் காலில் நின்ற பிறகு. கீலில் இருக்கும் ரப்பர் புஷ் உருளுவதில்லை, முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் அந்த நிலையையே ஓய்வு நிலை என்று எடுத்துக்கொண்டு, வண்டி இறங்கியதும் நாள்பூராவும் முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும்.

மாலை நான்கு மணிக்கு ஜாக்கியை இறக்கினோம். நண்பர் டேப்போடு ஓடினார்: மூன்றரை அங்குலம் உயர்ந்திருந்தது! பெரியவர் சிரித்துவிட்டு, வண்டியைத் தெருவில் முன்னும் பின்னும் உருட்டி வரச் சொன்னார். தொங்கும்போது இரண்டு சக்கரங்களும் சற்று உள்ளே ஒடுங்கும். தரையில் இறங்கும்போது அவை வெளியே விரிய வேண்டும், ஆனால் டயரின் பிடி விடாது. நாலு சுற்று உருண்ட பிறகுதான் வண்டி உட்காரும். உருட்டிவிட்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தோம். இரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல் கூடுதல்.

திங்களன்று வீல் அலைன்மென்ட். இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய்ந்ததால் சக்கரத்தின் நிமிர்வும் அது பார்க்கும் திசையும் மாறியிருக்கும். திசை ஒரே ஒரு டிகிரி பிசகினால்கூட, ஒரு கிலோமீட்டர் ஓடும்போது டயர் 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது.

ஹெட்லைட்டை நாங்கள் மறந்தே போனோம். நண்பரின் எஃப்-150யில் இரு அச்சுகளுக்கும் இடையே 145 அங்குலம். முன்பக்கம் இரண்டு உயர்ந்தால் கோணம் ஒரு டிகிரிகூட இல்லை. ஆனால் 100 மீட்டர் தள்ளி அந்த ஒளிக்கற்றை 1.4 மீட்டர் மேலே ஏறிவிடும். எதிரே வரும் காரின் பம்பரில் படவேண்டியது ஓட்டுநர் கண்ணில் படும். முன்பக்கத்தை மேலும் மேலும் தூக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தி, வானம் பார்க்க ஓட்டும் ஒரு பாணிக்கு கரோலினா ஸ்குவாட் என்று பெயர். வட கரோலினாவில் 2021 டிசம்பர் முதல், முன் மட்கார்டு பின்னதைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயரும்படி மாற்றியமைப்பது சட்டவிரோதம்.

நண்பர் அந்தப் பக்கமெல்லாம் போகவில்லை. வீடு மாறும்போது சாமான் ஏற்ற ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்தார், அவ்வளவுதான். அன்று இரவு நெடுஞ்சாலையில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் அவருக்கு லைட் அடித்துக் காட்டியிருக்கிறார்கள். தெரிந்தவர்களோ என்று அவரும் முதலில் கையசைத்திருக்கிறார். மறுநாள் காலை போன்: "பின்னாடி தூக்குறதுக்கு ஏதாவது கிட் இருக்கா?"

இருக்கிறது. பின் ஸ்பிரிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டும் காற்றுப் பைகள். பாரம் ஏறும்போது காற்றடித்து, இறங்கியதும் விட்டுக்கொள்ளலாம்.