நீர்முனையும் வேண்டாம், நீர்முகப்பும் வேண்டாம்

பழைய துறைமுகப் பகுதிகளை இடித்துப் புதிதாகக் கட்டுவதைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் 'நீர்முனை மேம்பாடு' என்று வந்து நிற்கிறது. கொஞ்சம் மெனக்கெட்டவர்கள் 'நீர்முகப்பு' என்கிறார்கள். இரண்டும் 'வாட்டர்ஃப்ரன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்காகத்தான்.

'ஃப்ரன்ட்' என்பதன் மூலம் நெற்றியைக் குறிக்கும் லத்தீன் சொல். ஊரில் தண்ணீரை ஒட்டிய பகுதி என்பதுதான் முழுச் சொல்லின் பொருள். அவ்வளவுதான்.

முனை என்றால் கூர்ந்து நீளும் நுனி: ஊசிமுனை, குமரிமுனை. போர்முனை இருக்கிறதே என்று 'ஃப்ரன்ட்' வந்த இடத்திலெல்லாம் முனையைச் செருகிவிட்டார்கள் போலிருக்கிறது. கப்பல்கள் வரிசை கட்டி நின்ற நீண்ட கரையை முனை என்பது என்ன கணக்கு?

நீர்முகப்பு அதைவிட மோசம், ஏனென்றால் கேட்க நன்றாக இருக்கிறது. முகப்பு கட்டடத்துக்கு உரியது. பார்ப்பவருக்காக அலங்கரித்த முன்பக்கம். கரையை முகப்பாக்கிவிட்டால் அங்கே நடப்பவரும் உட்காருபவரும் சொல்லிலிருந்தே காணாமல் போகிறார்கள். எதிர்க்கரையில் நின்று படம் பிடிப்பவர் மட்டும் மிச்சம். கட்டடக் கலைஞர்கள் பலர் செய்ததும் இதே தப்புதான். கன்டெய்னர் கப்பல்கள் ஆழமான துறைமுகங்களைத் தேடிப் போனபின் பழைய துறைகள் வெறிச்சோடின. லண்டனின் வெஸ்ட் இந்தியா துறைகள் 1980இல் மூடப்பட்டன. 1991இல் அங்கே எழுந்து நின்றது ஒன் கனடா ஸ்கொயர் என்ற அலுவலகக் கோபுரம்: 235 மீட்டர் உயரம், எஃகுத் தகடு போர்த்த பெட்டி, உச்சியில் ஒரு பிரமிடு. பக்கத்தில் தண்ணீர் கிடப்பது அந்தக் கட்டடத்துக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். லிவர்பூலில் கரையோரப் புதுக் கட்டுமானங்களைக் காரணம் காட்டி, 2021இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. முகப்பு, முகப்பு என்று கட்டினால் வேறென்ன ஆகும்?

நார்வேயின் ஆஸ்லோவில் 2008இல் திறந்த ஓபரா அரங்கைப் பாருங்கள். அதன் வெள்ளைக் கூரை சரிந்து சரிந்து தண்ணீர் வரைக்கும் இறங்குகிறது. டிக்கெட் வாங்காமலே யாரும் அதில் ஏறி நடக்கலாம். தமிழனுக்கு இது புதிதல்ல, படித்துறை என்போம்.

துறை என்பது மனிதர் நீரில் இறங்கும் இடம். அதையே பொதுச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம் என்றால், 'நகரத்துறை' என்றதும் ஏதோ அரசு அலுவலகம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் என் ஓட்டு கரைக்குத்தான். ஆறா, ஏரியா, கடலா என்று தெரிந்தால் ஆற்றங்கரை, ஏரிக்கரை, கடற்கரை. பொதுவாகச் சொல்ல நகர்க்கரை. கரையில் கட்டடம் தொனிக்கவில்லை என்பார்கள். தொனிக்காவிட்டால் போகட்டும்.

ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, பாதிக்குப் பாதி அகராதி பார்ப்பதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் எப்போது விடுவார்களோ! அப்புறம் அந்த 'மேம்பாடு'. கட்டி முடிக்கும் முன்பே மேலானது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிற சொல் அது. 'நகர்க்கரை மறுகட்டுமானம்' என்று எழுதினால் நன்றாக வந்ததா இல்லையா என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார். வீட்டு விளம்பரங்களில் வரும் 'நீர்முகப்பு இல்லம்' எல்லாம் தேவையே இல்லை. தெற்கு பார்த்த வீடு என்கிறோமே, அதுபோல் 'தண்ணீர் பார்த்த வீடு' என்றால் போதும்.